வேர்முடிச்சு என்று நான் நினைத்தது

சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் குத்தகைக்கு விடும் தோட்டப் பாத்திகளில் ஒன்று ஈசூனில் எங்கள் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் எனக்குக் கிடைத்தபோது, அதைப் பார்க்க வந்த என் மாமியார் சிரித்துவிட்டார். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அவ்வளவுதான். "இது பாத்தியா, இல்ல நாத்தங்காலோட மூலையா?" என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கத்தில், நிலத்தை வேலிக் கணக்கில் பேசும் ஊரில் பிறந்தவர் அவர். மூன்றாண்டுக் குத்தகையில் கிடைத்த அந்தப் பெட்டி மண்ணில் பயறு விதைத்து, வேருக்கடியில் என்ன நடக்கிறது என்று தோண்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி தவறு செய்த பிறகு வந்தது.

முதல் தவறு, எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று நம்பிய தவறு. பயறுவகைச் செடி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு, தேக்காவில் மளிகைக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் முழுப் பச்சைப்பயறு வாங்கி வந்து, இரவு ஊறவைத்து, கடையில் மூட்டையாக விற்கும் புதிய தொட்டிமண்ணை நிரப்பிய பாத்தியில் நெருக்கமாக விதைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். புது மண் ஆயிற்றே, கொஞ்சம் ஊட்டம் இருக்கட்டும் என்று உருண்டையாக்கிய கோழி எருவையும் இரண்டு கைப்பிடி தூவினேன். செடிகள் கருகருவென்று வளர்ந்தன. பக்கத்துப் பாத்திக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். 35ஆம் நாள் ஒரு செடியைச் சிறு மண்வெட்டியால் வேரோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். வேர் வெள்ளை நூல் போலச் சுத்தமாக இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை. இன்னும் நான்கு செடிகளைத் தோண்டினேன். அவற்றிலும் இல்லை. அத்தனை பசுமையும் கோழி எருவின் பசுமை. காற்றிலிருந்து ஒரு துளிகூட வரவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து படித்தபோதுதான், 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு பேர் செய்து காட்டிய சோதனையின் பாதியை நான் என்னை அறியாமலே என் பாத்தியில் செய்திருக்கிறேன் என்று புரிந்தது. அவர்கள் சூடாக்கி உயிர் நீக்கிய மணலில் பட்டாணியை வளர்த்தார்கள். நைட்ரஜன் உரம் கொடுக்காவிட்டால் அது வாடி நின்றது. அதே மணலில் சாதாரண மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் வேரில் முடிச்சுகள் உருவாகி, செடி உரமில்லாமலே தழைத்தது. ஓட்ஸ் பயிருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆக, காற்றைப் பிடிப்பது செடி அல்ல, மண்ணில் வாழும் ஏதோ ஓர் உயிர் என்று தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1888இல், நெதர்லாந்தில் பெய்யரிங்க் அந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார். ரைசோபியம் என்று இன்று பொதுவாக நாம் சொல்லும் இனம் அது. தென்னை நார்த் தூளும் மட்கு உரமும் கலந்து மூட்டையில் கட்டிய என் தொட்டிமண்ணில், பயற்றுக்கு ஏற்ற பாக்டீரியா இல்லவே இல்லை, அல்லது பெயருக்கு இருந்தது. ஹெல்ரீகலின் மணலுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த மண்ணில் பாக்டீரியா இருந்திருந்தாலும், நான் போட்ட கோழி எரு அதை வேலை செய்ய விட்டிருக்காது.

இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்தக் கட்டை ஆலையில் அவிழ்க்க, ஹேபர் 1909இல் சோதனைக்கூடத்தில் காட்டி, போஷ் 1913இல் தொழிற்சாலையாக்கிய முறையில், 400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும் தேவைப்படுகின்றன. யூரியா அந்த வழியில் வருகிறது. அதே வேலையைப் பாக்டீரியா நைட்ரோஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு, நம் பாத்தியின் சாதாரண வெப்பத்தில், இருட்டில் செய்து முடிக்கிறது. ஆனால் இலவசமாகச் செய்வதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை அம்மோனியாவாக்க உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் 16 செலவாகின்றன. அந்தச் செலவுக்கான சர்க்கரையைச் செடிதான் இலையில் சமைத்து வேருக்கு இறக்கிக் கொடுக்கிறது. ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 6 கிராம் கரிமத்தைச் செடி விலையாகக் கொடுக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு மண்ணிலேயே கிடந்தால், செடி எதற்கு வாங்கப் போகிறது? பட்டினி கிடக்கும் பயற்றுச் செடி வேர்வழியாக ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. பொருத்தமான பாக்டீரியா அதை உணர்ந்து பதிலுக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அதைப் பெற்ற வேர்த்தூவி கொக்கி போல வளைந்து பாக்டீரியாவை உள்ளே அணைத்துக்கொள்ள, அங்கிருந்து ஒரு மெல்லிய இழை வழியாக அது வேரின் உட்பகுதிக்குப் போய்ச் சேர, அந்த இடத்தில் முடிச்சு திரள்கிறது. யூரியாவோ கோழி எருவோ போட்ட மண்ணில் இந்தப் பேச்சுவார்த்தை தொடங்குவதே அரிது. "பயற்றுக்கும் கொஞ்சம் உரம் போடு" என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்களிடம் நான் இப்போது கேட்பது, எந்த உரம் என்பதைத்தான். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், வேண்டும், முடிச்சு உருவாக அது மிகவும் தேவை. மாலிப்டினம் நுண்ணளவில் வேண்டும், ஏனென்றால் அந்த நொதியின் மையத்திலேயே இரும்போடு அது இருக்கிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மட்டும் வேண்டாம்.

இரண்டாம் முறை கவனமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு பெரிய தவறைச் செய்தேன். மண்ணில் பாக்டீரியா இல்லை என்றால், இருக்கும் மண்ணிலிருந்து கொண்டுவர வேண்டும். என் பாத்திக்கு நான்கு பாத்தி தள்ளி ஒரு சீன அங்கிள் பல பருவமாகப் பயத்தங்காய் போட்டுவந்தார். அவர் பாத்தியிலிருந்து அரை வாளி மண் கேட்டு வாங்கி, என் மண்ணோடு கலந்து, எருவே போடாமல் பயறு விதைத்தேன். 30ஆம் நாள் தோண்டிப் பார்த்தால், வேர் முழுக்க முண்டு முண்டாக முடிச்சு. படம் எடுத்து வீட்டுக் குழுவில் அனுப்பினேன். அண்ணன் கட்டைவிரல் காட்டினார். செடிகள் ஏனோ கொஞ்சம் வெளிறித்தான் நின்றன; மழைக்காலம், வெயில் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயற்றை அறுத்து மண்ணில் புதைத்துவிட்டு அதில் கத்தரி நட்டேன். கத்தரி மூன்று வாரத்தில் நண்பகலில் துவளத் தொடங்கியது. மாலையில் நிமிரும், மறுநாள் மறுபடியும் துவளும். பிடுங்கிப் பார்த்தேன். கத்தரி வேரிலும் அதே முடிச்சு.

கத்தரி பயறுவகை அல்லவே! அதன் வேரில் முடிச்சு வரக் காரணமே இல்லை. அப்போதுதான் நெஞ்சில் அடித்தாற்போல உறைத்தது. நான் பார்த்துப் பூரித்தது ரைசோபியம் முடிச்சு அல்ல. கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற மண்புழுதிப் புழுவான நூற்புழு வேருக்குள் குடியேறிய வீக்கம். இதில் நம் மொழியும் கொஞ்சம் சதி செய்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. பாக்டீரியா வாழும் நல்ல உருண்டைக்கும் வேர்முடிச்சு என்றுதான் பெயர். வேரைக் கெடுக்கும் அந்தப் புழுவுக்கும் வேர்முடிச்சு நூற்புழு என்றுதான் வேளாண் ஏடுகளில் எழுதுகிறார்கள். பெயரை நம்பிப் பார்ப்பவர் ஏமாறுவார். அங்கிள் மீது குறை இல்லை. அவருடைய பயத்தங்காய் புழுவோடு எப்படியோ சமாளித்துக் காய்த்துக்கொண்டிருந்தது. புழுவை வாளியில் அள்ளி வந்து என் பாத்தியில் விட்டது நான்.

இரண்டையும் பிரித்தறிவது, ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால், மிக எளிது. செடியைப் பிடுங்கக் கூடாது; பிடுங்கினால் நல்ல முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைச் செருகி, மண் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து மண்ணைத் தானாகக் கரையவிட வேண்டும். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிவைத்த உருண்டை மணி போல இருக்கும். பச்சைப்பயற்றில் கடுகு அளவு முதல் மிளகு அளவு வரை. விரலால் உருட்டினால் வேருக்குச் சேதமில்லாமல் கழன்று வரும். நூற்புழு வீக்கமோ வேரே புடைத்தது போல இருக்கும். கழற்ற முடியாது, இழுத்தால் வேர்தான் அறும். கடைசிச் சோதனை நகம். கழன்று வந்த மணியைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாகக் கிள்ளினால், வேலை செய்யும் முடிச்சின் உள்ளே மாதுளை முத்தின் நிறம் இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. நைட்ரஜனை உடைக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும்; ஆனால் பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கும் வேலையை அந்தச் சிவப்பு செய்கிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது பொருந்தாத பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது.

புழு புகுந்த பாத்தியை மீட்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. பச்சைப்பயறும் அந்தப் புழுவுக்கு இரையாகும் செடிதான் என்பதால், அதையே மறுபடி விதைப்பதில் பொருளில்லை. துலுக்கச் சாமந்தியைப் பாத்தி முழுக்க இடைவெளியில்லாமல் நெருக்கி வளர்த்தேன். ஓரத்தில் அழகுக்கு இரண்டு செடி வைத்தால் புழு போய்விடாது. நெருக்கி, நீண்ட நாள் வளர்த்தால்தான் அதன் வேரிலுள்ள பொருள் புழுவைக் குறைக்கும். பூக்களை மாமியார் சாமிக்கு எடுத்துக்கொண்டார். அந்த மூன்று மாதமும் பாத்தியிலிருந்து அவர் மனமார ஒப்புக்கொண்ட விளைச்சல் அது ஒன்றுதான்.

மூன்றாம் முறைக்கு முன் மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் நிலையைச் சோதித்தேன் (7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்). முதல் தடவையே செய்திருக்க வேண்டியது. 5.2 காட்டியது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கீழே கரைந்து போய் மண் புளிப்பது இயல்பு. புளித்த மண்ணில் ரைசோபியம் சோர்ந்துவிடும். மாலிப்டினமும் வேருக்குக் கிடைக்காமல் கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பும் மக்னீசியமும் உள்ள டோலமைட் கல்தூளைக் கலந்து மூன்று வாரம் விட்டேன். 6-ஐத் தாண்டியது. சமையலறையில் சேரும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் போதுமே என்று பலர் சொல்வார்கள். பொடியாக அரைக்காத ஓடு மண்ணில் மாறுதல் காட்ட மாதக்கணக்கில் ஆகும் என்பது என் அனுபவம்.

பாக்டீரியாவுக்கு என்ன செய்வது? தமிழ்நாட்டில் வேளாண் கிடங்கில் ரைசோபியம் பொட்டலம் கிடைக்கிறது. 200 கிராம் பொட்டலம், ஒரு ஹெக்டேர் விதைக்கு மூன்று என்று கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஊருக்குப் போயிருந்தபோது ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்ற எண்ணம் வந்தது. உயிருள்ள நுண்ணுயிரையும் மண்ணையும் அனுமதி பெறாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது சரியல்ல என்பதால் விட்டுவிட்டேன். அரை வாளி மண்ணில் நான் என்ன கொண்டுவந்தேன் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் நன்றாகவே விளங்குகிறது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் அடுத்த பாத்தி மாக்சிக், மலாய்க்கார அம்மாவை இங்கே அப்படித்தான் அழைப்போம். அவருடைய சிறகு அவரைக் கொடி, மலாயில் காச்சாங் போத்தோல் என்பார்கள், வேலியெல்லாம் ஏறிப் பூத்திருந்தது. ஒரு கொடியை அவர் எப்படியும் கழிக்க இருந்தார். இருவருமாகத் தோண்டி அலசினோம். இவ்வளவு முடிச்சுகளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கொத்துக் கொத்தாக, சில பட்டாணி அளவுக்கு இருந்தன. கிள்ளிப் பார்த்தோம், உள்ளே நல்ல சிவப்பு. வேரில் புடைப்பு எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகு, பத்துப் பன்னிரண்டு முடிச்சுகளைக் கழற்றிக் கழுவி, கிண்ணத்தில் கரண்டியின் முதுகால் நசுக்கி, ஆறிய அரிசிக் கஞ்சி இரண்டு மேசைக்கரண்டி விட்டுக் கலக்கினேன். அதில் பயற்றைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, வெயில் தாழ்ந்த பிறகு விதைத்தேன். கஞ்சி பசைக்காக; நிழலில் உலர்த்தியது, வெயில் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதற்காக. சிறகு அவரையும் தட்டைப்பயறும் பயத்தங்காயும் பச்சைப்பயறும் உளுந்தும் நிலக்கடலையும் பெரும்பாலும் ஒரே குழுவைச் சேர்ந்த பாக்டீரியாவை ஏற்பவை என்பதால், ஒன்றின் முடிச்சு இன்னொன்றுக்கு உதவியது. இதே முறையில் சோயாவுக்குச் செய்தேன். ஆறு செடியிலும் ஒன்றுமில்லை. சோயாவுக்கு அதற்கென்றே தனிப் பாக்டீரியா வேண்டும். இளஞ்சிவப்புப் பூச்சுப் பூசிய விதை வாங்கினால் இன்னொரு சிக்கல் உண்டு: அந்தப் பூச்சு பூசணக் கொல்லி, பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடியது. மளிகைக் கடைப் பயறே மேல்.

18ஆம் நாள் முதல் மணிகள் தெரிந்தன. 28ஆம் நாள் ஒரு செடியில் 30க்கு மேல் எண்ணினேன். பாத்தியின் ஒரு மூலை தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் இருக்கிறது. அங்கே வளர்ந்த செடிகளில் ஏழெட்டுக்கு மேல் இல்லை. சர்க்கரை இலையிலிருந்துதான் வர வேண்டும். வெயில் இல்லாத இடத்தில் எந்தக் கஞ்சியும் பயன்படாது. அந்தத் தூங்குமூஞ்சியும் பயறுக் குடும்பம்தான், அதன் வேரிலும் முடிச்சு உண்டு. அதற்காகக் காய் தொங்கும் மரமெல்லாம் காற்றைப் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது: புளியும் சரக்கொன்றையும் அதே குடும்பம், ஆனால் முடிச்சு வைப்பதில்லை. பாத்தி இல்லாதவர்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், தங்கள் தொட்டியில் தானாக முளைத்த தொட்டாற்சிணுங்கியைத் தோண்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் அதில் சிறு முடிச்சுகள் இருக்கும்.

இதையெல்லாம் உட்லண்ட்ஸில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவிடம் சொன்னபோது, அவர் அசரவில்லை. மலேசியாவின் ஜொகூரில் கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "பால்மரத்துக்கு நடுவுல கொடி போடுவாங்களே, அதானம்மா இது" என்றார். புதுக்கன்று நட்ட நிலத்தில் பியூரேரியா, கேலப்போகோனியம், சென்ட்ரோசீமா போன்ற பயறுவகைக் கொடிகளை விதைத்து நிலத்தை மூடிவிடுவது மலாயாத் தோட்டங்களின் வழக்கம். நிலத்தைப் புல் பூண்டில்லாமல் வழித்துவைத்ததில் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு வந்த மாற்றம் அது. அப்பாவுக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியாது, எல்லாம் கொடிதான். கன்றைச் சுற்றி வட்டமாகக் கொடியை அறுத்துவிட்டு, அறுத்ததை அங்கேயே போடுவது சிறு வயதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. "லாலான் வந்தா மரம் சவலையா நிக்கும். கொடி ஏறின காடுன்னா மரம் சீக்கிரம் வெட்டுக்கு வந்துடும்" என்றார். லாலான் என்பது நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் களைப்புல். பயறுவகைக் கொடி மூடிய நிலத்தில் ரப்பர் மரம் முன்னதாகவே பால் வெட்டும் பருமனை எட்டுகிறது என்பது ஆய்வுகளிலும் நிலைநாட்டப்பட்ட செய்திதான். அதை அப்பா படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் "அறுத்ததை அங்கேயே போடணும்" என்று அவர் இரண்டு முறை சொன்னதை நான் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டுச் சண்டை அங்கேதான் இருந்தது.

பயறு பூவெடுத்தது. நான் அறுத்து மண்ணில் போட வேண்டும் என்றேன். மாமியார் பதறிவிட்டார். "காய்க்கப் போற செடிய அறுக்குறதா? எங்க ஊர்ல நெல்லு அறுக்குறதுக்குப் பத்து நாளைக்கு முந்தி, மண்ணு மெழுகுப் பதமா இருக்கையில உளுந்தத் தெளிச்சு விட்டுடுவாங்க. தண்ணியும் பாய்ச்ச மாட்டாங்க, உரமும் வைக்க மாட்டாங்க. காயும் எடுப்போம், அடுத்த நெல்லும் நல்லா வரும்" என்றார். அவர் சொன்னது உண்மை. காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்து அப்படித்தான் விளைகிறது. "அத்தை, அங்க இலை அவ்வளவும் வயல்லயே உதிரும், ஏக்கர் ஏக்கரா இருக்கு. இங்க இருக்கிறது இந்த ஒரு பெட்டி" என்று சொல்லி, கணக்கை எழுதிக் காட்டினேன்.

மண்ணில் மடக்கி உரமாக்கவென்றே நன்றாக வளர்ந்த பசுந்தாள் பயிர் ஒரு ஹெக்டேரில் 80 கிலோ நைட்ரஜன் சேர்த்ததாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம். எங்கள் இரண்டரைச் சதுர மீட்டருக்கு 20 கிராம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், அது ஏறத்தாழ 43 கிராம் யூரியாவுக்குச் சமம், ஒரு கைப்பிடி. அவ்வளவு மெனக்கெட்டு ஒரு கைப்பிடியா என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். இனி காயை எடுப்போம். அந்தப் பாத்தியில் கால் கிலோ பயறு தேறும் என்றால், பச்சைப்பயற்றில் ஏறத்தாழ 24 விழுக்காடு புரதம், அதாவது 60 கிராம் புரதம். புரதத்தில் ஆறேகால் பங்கில் ஒரு பங்கு நைட்ரஜன் என்ற கணக்கில் 9.6 கிராம். சேர்த்ததில் பாதி பாயசத்துக்குப் போய்விடுகிறது. செடியைப் பிடுங்கி எறிந்தாலோ மீதியிலும் பெரும்பகுதி போய்விடும். பயறு தன் விதைக்காகத்தான் காற்றிலிருந்து இவ்வளவும் சேர்க்கிறது; பூத்த பிறகு இலையிலும் வேரிலும் இருந்ததையெல்லாம் காய்க்கு ஏற்றத் தொடங்கிவிடும், முடிச்சுகளும் மெல்ல வெளிறும். உயிரோடு நிற்கும் செடி பக்கத்துச் செடிக்கு வாரி வழங்குவதில்லை. மக்கினால்தான் மண்ணுக்குக் கிடைக்கும்.

கணக்கைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் பாத்தியைத் தனக்கு விடச் சொன்னார். அதுவே நல்ல ஒப்பீடாகிவிட்டது. என் பாதியை முதல் பூ விரிந்ததும், சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே என்பதாலோ என்னவோ அது 31ஆம் நாளிலேயே வந்துவிட்டது, தரையோடு ஒட்ட அறுத்தேன். வேரை மண்ணிலேயே விட்டேன். தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி மேல்மண்ணோடு கிளறி, உலர்ந்த இலைகளால் மூடினேன். பச்சைத் தழையை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைசல் எடுக்கும் வேலை இங்கே வேண்டாம். நாற்றத்துக்கு அண்டை வீட்டார் முறையிடுவார்கள், தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசு முட்டையிடும். புதைத்த பச்சைத் தழை சூடேறி மக்கும் முதல் பத்து நாளில் எதையும் நடக் கூடாது. நான் ஒருமுறை ஐந்தாம் நாளே கீரை விதைத்து, முளைத்ததில் பாதியை அழுகக் கொடுத்தேன். அதிகம் காத்திருந்தாலும் நட்டம், நைட்ரேட்டாக மாறியதை நம் மழை கீழே அடித்துச் சென்றுவிடும். 12 முதல் 15 நாளுக்குள் நாற்று நட்டுவிடுவது எனக்குச் சரியாக வருகிறது. பூத்து முற்றிய தண்டாக இருந்தால் நார் மிகுந்து, மக்குவதற்கே மண்ணிலிருந்து நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும் என்பதும் பூத்தவுடன் அறுக்க ஒரு காரணம்.

மாமியார் பாதியில் காய் எடுத்து முடித்ததும் இரண்டு பாதியிலும் ஒரே நாளில் தண்டுக்கீரை விதைத்தோம். என் பாதியில் அந்த இடைவெளியில் ஒரு சுற்று அரைக்கீரை ஏற்கெனவே எடுத்திருந்தேன், ஆகவே இது கறாரான சோதனை அல்ல. இருந்தும் அறுத்துப் போட்ட பாதியின் கீரை கரும்பச்சையாக, சமையலறைத் தராசில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை வந்தது. அதில் எவ்வளவு நைட்ரஜனால், எவ்வளவு மக்கிய தழை மண்ணைப் பொலபொலப்பாக்கியதால் என்று பிரித்துச் சொல்ல ஒரு பாத்தி போதாது. அந்த ஒரு கைப்பிடி யூரியா செய்யாத வேலை இந்த இரண்டாவதுதான் என்பது மட்டும் மண்ணைக் கையில் அள்ளினால் தெரிகிறது. மழைக்குப் பின் அது முன்போலக் களியாக இறுகுவதில்லை.

தோல்வி அதோடு நிற்கவில்லை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் விதைத்த பயற்றின் முடிச்சுகள் 25ஆம் நாளிலேயே பழுப்பாகிவிட்டன. பாத்தியின் வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டு, நான்கு நாள் மழையில் வேர் நீரில் நின்றிருந்தது. மூச்சுமுட்டிய வேரில் முடிச்சு வாழாது. துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தேன். இப்போது டிசம்பர், ஜனவரியில் பயறு போடுவதில்லை. சங்குப்பூக் கொடியை வேலியில் ஏற்றிவிடுகிறேன், மழையைப் பொறுத்துக்கொள்கிறது. பிரெஞ்சு பீன்ஸ் போட்டவர்கள் முடிச்சே வரவில்லை என்று என்னிடம் கேட்பதுண்டு. அது பயறுக் குடும்பத்தில் சோம்பேறி, காற்றிலிருந்து குறைவாகத்தான் பிடிக்கும், அதற்குக் கொஞ்சம் எரு போட்டே ஆக வேண்டும்.

இந்த வாரம் பாத்தியில் பயறு 29ஆம் நாளில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் உடன் வந்தார். நான் மண்வெட்டியை எடுப்பதற்குள் அவரே ஓரத்துச் செடி ஒன்றை மண்ணோடு தூக்கி வாளியில் வைத்து, மண் கரையும்வரை மாக்சிக்கோடு பாதித் தமிழிலும் பாதி மலாயிலும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மணியைக் கழற்றி, நகத்தால் கிள்ளி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல செவப்பு. இன்னும் பூ வரல, புதன்கிழமை பார்க்கலாம்" என்றார். அவருடைய பாதியை இந்த முறை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அரிவாளை மட்டும் வீட்டிலிருந்து இரண்டாக எடுத்து வந்திருந்தார்.